மொழி கேள்வி–பதில்: ‘நீங்கள் இருவரும்’ எங்கே தொலைந்தது?

கேள்வி: என் தம்பி ஸ்லோவேனியாவில் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் வேலை செய்கிறான், உடன் தங்கியிருப்பவர் துர்க்மெனிஸ்தான்காரர். முதலாளி ‘பிரீதித்தா யூத்ரி’ என்று அனுப்பிய செய்தியைத் துர்க்மெனியர் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்து, ‘எர்த்திர் கெல்’ என்று வந்ததால், தன்னை மட்டும் அழைத்ததாக எண்ணித் தனியே போய்விட்டார். பிழை யாருடையது? (வாசகி, காரைதீவு)

பதில்: இருவர்மீதும் பிழையில்லை. ஸ்லோவேனிய மொழியில் ஒருமை, பன்மை தவிர இருமை என்றோர் எண்ணும் இன்றுவரை அன்றாடப் பேச்சில் உயிரோடிருக்கிறது. ஒருவரை அழைத்தால் ‘பிரீதி’, இருவரை அழைத்தால் ‘பிரீதித்தா’, மூவரோ அதற்கு மேற்பட்டவரோ என்றால் ‘பிரீதித்தே’. ஆகவே முதலாளி ‘நாளை நீங்கள் இருவரும் வாருங்கள்’ என்பதை இரண்டே சொற்களில் சொல்லிவிட்டார். மொழிபெயர்ப்புச் செயலிகளோ இத்தகைய மொழிகளுக்கிடையே பெரும்பாலும் ஆங்கிலத்தை இடைத்தரகராக வைத்துக்கொள்கின்றன. ஆங்கிலத்தின் ஏவல் வினையில் ‘வா’வும் ‘வாருங்கள்’ளும் ‘இருவரும் வாருங்கள்’ளும் ஒரே சொல்லாகிவிடுவதால், அங்கே உதிர்ந்த இருமையைத் துர்க்மெனில் யார் மீட்டுத் தருவார்? ‘எர்த்திர் கெல்’ என்பது ஒருவரை, அதுவும் உரிமையோடு, ‘நாளைக்கு வா’ என்று அழைப்பது. மரியாதைக்கும் பன்மைக்கும் ‘கெலிங்’ என்று வர வேண்டும். நம்மூர் ‘வாங்க’வில் உள்ள அதே ஙகர ஓசை, உறவு ஏதுமில்லை, ஆனால் மனத்தில் வைத்துக்கொள்ள எளிது.

‘புரோசிம்’ என்ற ஸ்லோவேனியச் சொல்லிலும் கவனம் தேவை. கேட்கும்போதும், நன்றிக்கு மறுமொழியாகவும், தொலைபேசியை எடுத்தவுடனும் அதையே சொல்கிறார்கள். துர்க்மெனிலோ பணிவு பெரும்பாலும் வினையின் ஈற்றிலேயே ஏறிவிடுகிறது. ‘தயவுசெய்து’ நம் வீடுகளில் அல்லாமல் அறிவிப்புப் பலகைகளில் வாழ்வதைப் போலத்தான்.

தம்பி அறைத்தோழருக்குத் துர்க்மெனில் எழுதும்போது சொல்லொழுங்கைத் தமிழாகவே வைத்துக்கொள்ளலாம். ‘மென் சுவ் இச்யாரின்’ என்பது சொல்லுக்குச் சொல் ‘நான் தண்ணீர் குடிக்கிறேன்’. பொதுவாகத் தண்ணீரைச் சொல்லும்போது நாம் ‘ஐ’ உருபை விடுவதுபோல் அவர்களும் விடுகிறார்கள், குறிப்பிட்ட தண்ணீரென்றால் ‘சுவி’ என்று உருபு சேர்க்கிறார்கள். எண்ணிக்கை முக்கியமான செய்தியில் மட்டும் ‘இருவரும்’ என்ற சொல்லை வெளிப்படையாகத் தட்டெழுதச் சொல்லுங்கள். முதலாளியிடமும் அவ்வாறே கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: இரண்டு மொழிக்கும் ஒரே எழுத்துத்தானே, வாசித்தால் போதாதா? (மாணவர், வாழைச்சேனை)

பதில்: இன்று இரண்டும் லத்தீன் எழுத்தே. துர்க்மென் அரபு எழுத்திலிருந்து லத்தீனுக்கும், 1940இல் ரஷ்ய மொழி எழுதப்படும் சிரில்லிக் எழுத்துக்கும் மாறி, 1993இல் லத்தீனுக்குத் திரும்பத் தீர்மானித்தது. ஆனால் எழுத்தை நம்பி உச்சரித்தால் ஏமாறுவீர்கள். ‘நாங்கள்’ என்பதைப் ‘பிஸ்’ என எழுதுவார்கள். காதில் விழும் கடைசி ஒலியோ, ‘அது’ என்பதில் நாம் ஒலிக்கும் தகரத்துக்கு மிக அருகில் இருக்கும். அந்த ஒலி ஸ்லோவேனியரின் நாவுக்குப் பழக்கமில்லை, மட்டக்களப்பாரின் நாவுக்கு உண்டு.