மருந்து அடிக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. சோலை ஓரத்தில் கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு மஞ்சள் தவளையைப் பார்த்தோம். ‘இது தென் அமெரிக்க விஷ அம்புத் தவளை, தொட்டாலே சாவு’ என்று என் மகன் கைபேசியில் படம் காட்டுகிறான். இலை பறிக்க வரும் பெண்கள் பயப்படுகிறார்கள். மருந்து அடித்துவிடலாமா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: வேண்டாம். முதலில் ஸ்பிரேயரைக் கீழே வையுங்கள். அப்புறம் அந்தச் சொல்லையும்.

மருந்து! காய்ச்சலுக்கு விழுங்குவது மருந்து. புண்ணில் தடவுவது மருந்து. தீபாவளியன்று பாட்டி உருட்டித் தரும் லேகியமும் மருந்து. சிவப்பு முக்கோணமும் மண்டையோடும் அச்சடித்த டப்பாவில் வருவதும் மருந்தா? ‘பக்கத்து வீட்டுப் பையன் மருந்தைக் குடித்துவிட்டான்’ என்று காதில் விழுந்தால் நம் ஊரில் யாரும் ‘உடம்பு தேவலையா’ என்று கேட்பதில்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க ஓடுகிறோம். அது என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மருந்து என்றே சொல்கிறோம், செடிக்கு ஏதோ காய்ச்சல் வந்த மாதிரி.

இந்தப் பத்திரிகைக்கு வரும் எந்தக் கட்டுரையிலும் ‘பூச்சிமருந்து’ என்றிருந்தால் அதை அடித்துவிட்டு ‘பூச்சிக்கொல்லி’ என்று எழுதுவேன். பழைய வாசகர்களுக்கு இது தெரியும். ஒருமுறை விளம்பரத்திலும் அப்படித் திருத்தச் சொன்னேன். விளம்பரம் தந்தவர் கோபித்துக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நஷ்டம்தான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சரி, விஷத்துக்கு வருகிறேன். அம்புத் தவளைக் குடும்பம் மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் மட்டுமே இயற்கையாக வாழ்வது. ஏறத்தாழ 200 இனங்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் அவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. அங்கேயும் எல்லாம் ஆளைக் கொல்பவை அல்ல. கொலம்பியாவின் பசிபிக் கரையோரக் காடுகளில் வாழும் எம்பெரா மக்கள் ஊதுகுழல் அம்புகளின் முனையில் தடவியது மூன்றே இனங்களின் நஞ்சைத்தான். அதில் கொடியது, 1978-இல் அறிவியல் பெயர் பெற்ற ‘பைலோபேட்டஸ் டெரிபிலிஸ்’ என்ற தங்க நிறத் தவளை. இரண்டு அங்குல உடம்பில் ஒரு மில்லிகிராம் அளவுக்கு நஞ்சு இருக்கலாம். பத்துப் பேருக்கு அது போதும். நரம்பிலும் தசையிலும் சோடியம் உள்ளே வரும் வாசல்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடும். இதயம் நின்றுபோகும்.

ஆனால் இந்த நஞ்சைத் தவளை தானாகத் தயாரிப்பதில்லை. அம்புத் தவளைகள் உதிர்ந்த இலைகளுக்கடியில் கிடைக்கும் எறும்பு, கண்ணுக்கு எளிதில் தெரியாத சிலந்திப்பேன் போன்ற உயிர்கள் என்று ஓயாமல் தின்கின்றன. அந்தத் தீனியில் இருக்கும் நஞ்சைச் சேர்த்துத் தோலில் வைத்துக்கொள்கின்றன. கண்ணாடிப் பெட்டியில் பிறந்து, பழ ஈ தின்று வளர்ந்த அம்புத் தவளையின் தோலில் நஞ்சு இருக்காது. அதே நிறம், அதே பளபளப்பு, ஆனால் ஒன்றும் செய்யாது.

இன்னொன்றைப் படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை. ‘ஊஃபாகா புமிலியோ’ என்று ஒரு சிவப்புத் தவளை. தாய் தன் தலைப்பிரட்டைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போய், அன்னாசிக் குடும்பத்துச் செடிகளின் இலை இடுக்கில் தேங்கிய தண்ணீரில் ஒவ்வொன்றாக விடுகிறாள். சில நாளைக்கு ஒருமுறை திரும்பி வந்து, கருவுறாத முட்டை இட்டுப் பசியாற்றுகிறாள். அந்த முட்டையிலேயே தன் நஞ்சிலும் கொஞ்சம் கொடுத்துவிடுகிறாள், தானாக இரை தேடத் தெரியாத பிள்ளையை எதுவும் தின்றுவிடாமல் இருக்க. எறும்பிடமிருந்து தாய்க்கு, தாயிடமிருந்து பிள்ளைக்கு. இதை நாம் விஷம் என்கிறோம். அந்த எறும்பையும் சேர்த்து அழிப்பதை மருந்து என்கிறோம்.

ஈக்வடாரில் ஒரு சிறு தவளையின் தோலிலிருந்து ஜான் டேலி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ‘எபிபாடிடின்’ என்ற பொருளைப் பிரித்தார். வலியை அடக்குவதில் மார்பினைவிட ஏறக்குறைய 200 மடங்கு வலிமை. ஆனால் வலியைப் போக்கும் அளவுக்கும் உயிரைப் போக்கும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு, அதனால் அது ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை. அவ்வளவு கவனமாக நிறுத்துப் பார்த்துத்தான் ஒன்றை மருந்து என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

நம் பக்கத்திலும் உண்டு. கேரளத்தில் ஒரு தவளையின் தோலில் ஃப்ளூ கிருமியை அழிக்கும் பொருள் இருப்பதை 2017-இல் வெளியிட்டார்கள். சுருள்வாளின் மலையாளப் பெயரான உறுமியை வைத்து அதற்கு ‘உறுமின்’ என்று பெயரிட்டார்கள்.

நீங்கள் பார்த்தது, சொன்ன அளவையும் இடத்தையும் வைத்துப் பார்த்தால், புதர்த் தவளையாக இருக்க வேண்டும். ‘ராவோர்செஸ்டிஸ்’ என்பது அதன் பேரினப் பெயர். அதில் இருக்கும் ‘ராவ்’, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் விலங்கியல் கற்பித்த சி. ஆர். நாராயண ராவ். ‘கரண்ட் சயின்ஸ்’ இதழின் முதல் ஆசிரியரும் அவர்தான். ஒரு பத்திரிகை ஆசிரியரின் பெயர் உங்கள் தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறது என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

இந்த இனங்கள் குளத்தைத் தேடிப் போவதில்லை. ஈரமான இலையிலோ சருகுக்கடியிலோ முட்டையிடும். தலைப்பிரட்டையே கிடையாது, முட்டைக்குள்ளிருந்து நேராகக் குட்டித் தவளை வெளியே வரும். அதனால்தான் நீங்கள் அடிக்கப்போவது அதன் தொட்டிலிலேயே விழும். தவளைக்குத் தண்ணீர் குடிப்பதும் பாதி மூச்சு விடுவதும் தோலால். நம் தோல் பலதையும் வெளியே நிறுத்திவிடும், அதன் தோல் நிறுத்தாது.

பெண்களிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதைக் கையில் எடுக்கவும் வேண்டாம். கண்ணுக்குப் பின்னால் மேடு தட்டிய சுரப்பி உள்ள தேரையைத் தொட நேர்ந்தால் கண்ணைக் கசக்காமல் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், அது போதும். இன்னும் ஒரு வேண்டுகோள், அந்தச் சோலை ஓரத்தில் பத்து வரிசைச் செடிக்கு எப்போதும் எதுவும் அடிக்காதீர்கள். கவாத்துச் சருகை அங்கே எரிக்காமல் அப்படியே கிடக்க விடுங்கள்.

தம்பியிடம் கைபேசி இருக்கிறதே. மழை விட்ட ராத்திரி அதே இடத்தில் டார்ச்சை அணைத்துவிட்டு நின்று, கேட்கும் சத்தத்தைப் பதிவு செய்யட்டும். படமும் சத்தமும் அனுப்பினால், தவளை தெரிந்தவர்களிடம் கேட்டு என்ன இனம் என்று அடுத்த இதழில் அவன் பெயரோடு போடுகிறேன்.