‘சீக்கிரம்’ எந்தக் கிழமை, தம்பி?

ஸ்டுட்கார்ட் வந்து மூன்று மாதம், கிளையன்ட் டைம்லைன் கேட்டதற்கு “சீக்கிரமே முடித்து அனுப்புகிறோம்” என்று மெயில் போட்டேன், மேனேஜர் முகம் சுருங்கிவிட்டது, அதில் என்ன தப்பு என்று கேட்டிருந்தீர்கள். நீங்களும் பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் என்பதால் நம்மூர்க் கணக்கிலேயே சொல்கிறேன்.

லீவுக்கு வந்து வேலந்தாவளத்தில்தான் இருக்கிறேன். கதவுக்கு அளவெடுத்த ஆசாரி, “ஓணம் கழியட்டும், பார்த்துக்கலாம்” என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அது போதும். ஓணத்துக்கு ஆள் கிடைக்காது, அப்புறம் ஒரு வாரம் பிடிக்கும் என்று நானே கணக்குப் போட்டுக்கொள்வேன். கிளையன்டுக்கும் உங்களுக்கும் அப்படிப் பொதுவாக ஓர் ஓணம் கிடையாது. நம்மூரிலேயே சித்திரை ஒன்றும் விஷுவும் சில வருடம் ஒரு நாள் தள்ளி வருகின்றன. 2023-இல் புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு 15.

ஜெர்மன்காரர்கள் வாரத்துக்கு எண் வைத்துப் பேசுவார்கள். ‘காவே 23’ என்றால் வருடத்தின் 23-ஆம் வாரம். வாரம் திங்களில் தொடங்கும். வருடத்தின் முதல் வியாழன் விழுகிற வாரம்தான் ஒன்றாம் வாரம். அதனால்தான் 2026-இன் முதல் வாரம் 2025 டிசம்பர் 29-லேயே தொடங்கிவிட்டது. விரல்விட்டு எண்ணாதீர்கள், எண்ணோடு தேதியையும் எழுதிவிடுங்கள்.

நான் சறுக்கியது வேறு இடத்தில். முதல் வருடம், “ஏப்ரல் கடைசி வெள்ளி தருகிறோம்” என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டேன். பெரிய வெள்ளி எனக்குத் தெரியும், ஈஸ்டருக்கு மறுநாள் திங்களும் விடுமுறை என்று தெரியாது. சரி, அதையாவது சமாளித்திருக்கலாம். கிளையன்ட் தரவேண்டிய டேட்டா எட்டு நாள் தாமதமாக வந்தது. அது எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. தாமதம் முழுக்க என் கணக்கில் ஏறியது.

அதிலிருந்து என் மெயிலில் அவர்கள் தேதிதான் முதலில் வரும். “3-ஆம் தேதி புதனுக்குள் உங்கள் டேட்டா வந்தால், 12-ஆம் தேதி வெள்ளி மதியம் முதல் வரைவு. அதைப் பார்த்துச் சொல்ல உங்களுக்கு ஐந்து வேலை நாள்.” அந்த ‘வேலை நாள்’ என்பதிலும் ஒரு கொக்கி உண்டு. ஜனவரி 6 உங்கள் ஸ்டுட்கார்ட்டில் விடுமுறை, ஹாம்பர்க்கில் வேலை நாள். கொச்சி டீமும் சேர்ந்தால் மணியை ‘ஜெர்மன் நேரம்’ என்று சொல்லியே எழுதுங்கள்; நம் நேரம் கோடையில் மூன்றரை மணி முன்னால், குளிரில் நாலரை.

தேதி தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே, புதுத் தேதியோடு சொல்லிவிடுங்கள். கோபப்படுவார்கள் என்று நான் பயந்த இடத்தில் “சரி, குறித்துக்கொண்டோம்” என்று ஒரு வரிதான் வந்தது. கடைசி நாள் மாலையில் சொன்னால்தான் பேச்சு நீளும்.

இப்போதைக்கு மேனேஜரிடம் உட்கார்ந்து இரண்டு தேதி வாங்கி, இன்றே இன்னொரு மெயில் போடுங்கள். “முந்தைய மெயிலில் தேதி விட்டுப்போயிற்று” என்று ஒரு வரி போதும். பத்தி பத்தியாக மன்னிப்பு வேண்டாம். தேதியைத் தேடித்தான் அதைத் திறப்பார்கள்.