மெட்டல் வால்வு வைத்தவர் மாலா-டி போடலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. ருமாட்டிக் காய்ச்சலில் இதயத்தின் மைட்ரல் வால்வு கெட்டுப்போய், 19 வயதில் மெட்டல் வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க தினமும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறேன். கல்யாணமாகி நாலு மாதம், இரண்டு வருஷத்துக்குக் குழந்தை வேண்டாம் என்றிருக்கிறோம். அக்கா மாலா-டி கருத்தடை மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். நாத்தனாரோ ‘ஹார்ட் பேஷன்ட் எதுவுமே போடக்கூடாது’ என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேருமே சரியில்லை.

முதலில் அந்த அட்டையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதன் பின்பக்கத்தில் லெவோநார்ஜெஸ்ட்ரல், எத்தினைல் எஸ்ட்ராடையால் என்று இரண்டு பெயர் இருக்கும். பின்னது ஈஸ்ட்ரோஜன். 0.03 மில்லிகிராம்தான், ஆனால் ரத்தம் உறைவதைத் தூண்டிவிடும். வால்வில் ரத்தம் உறைந்துவிடக் கூடாது என்றுதானே அசிட்ரோம் சாப்பிடுகிறீர்கள்? அசிட்ரோம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு மாதாமாதம் ஏறி இறங்குவது உங்களுக்கே தெரியும், அதை நம்பி ஈஸ்ட்ரோஜன் தர மாட்டோம்.

நாத்தனார் சொல்வதைக் கேட்டு ஒன்றுமே செய்யாமல் இருப்பது இதைவிட ஆபத்து. கர்ப்பத்தில் இதயத்தின் சுமை கூடும், ரத்தமும் எளிதில் உறையும். போதாததற்கு, அசிட்ரோம் 6 முதல் 12 வாரக் கருவின் மூக்கையும் எலும்பையும் பாதிக்கலாம். அதனால் உங்களுக்குக் கர்ப்பம் என்பது முன்கூட்டியே திட்டமிட்டு, கார்டியாலஜிஸ்டிடம் சொல்லிவிட்டு வரவேண்டிய விஷயம். காண்டம் மட்டும் போதுமா என்றால், வழக்கமாகப் பயன்படுத்துகிறவர்களில் வருஷத்துக்கு 100க்கு சுமார் 13 பேர் கருத்தரித்துவிடுகிறார்கள், உங்கள் நிலைமையில் அந்த அளவு ரிஸ்க் எடுக்க முடியாது.

நான் முதலில் சொல்வது கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் உள்ள லூப், மிரெனா மாதிரி. அதில் ஈஸ்ட்ரோஜன் இல்லை, அதில் உள்ள மருந்து பெரும்பாலும் கர்ப்பப்பையோடு நின்றுவிடும். அசிட்ரோம் சாப்பிடுகிற பெண்கள் பலருக்கு மாதவிலக்கு நாப்கின் தாங்காத அளவுக்குப் போகும், ஹீமோகுளோபின் இறங்கும். இது அந்தப் போக்கையும் குறைத்துவிடும், முதல் சில மாதம் விட்டுவிட்டுச் சொட்டும், பொறுத்துக்கொள்ள வேண்டும். காப்பர்-டியும் கருவைத் தடுக்கும், ஆனால் போக்கைக் கூட்டும், அதனால் உங்களுக்கு அது இரண்டாம்பட்சம்தான். கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி, அதாவது இம்பிளான்ட், கிடைத்தால் அதுவும் நல்லது, 3 வருஷம் வரும். அது முட்டை வெளியாவதையே நிறுத்திவிடுவதால், அசிட்ரோம் சாப்பிடும் சிலருக்கு முட்டை வெடிக்கும்போது வயிற்றுக்குள் ரத்தம் கசிகிற தொல்லையும் இருக்காது. 3 மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியிலும் ஈஸ்ட்ரோஜன் இல்லை, ஆனால் ஐஎன்ஆர் ஏறியிருக்கும்போது தசையில் குத்தினால் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

லூப் போடுவதற்கு முன்னால் ஐஎன்ஆர் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டோடு மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். அசிட்ரோமை நீங்களாக நிறுத்தாதீர்கள், யாராவது நிறுத்தச் சொன்னாலும் கார்டியாலஜிஸ்டைக் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். முடிந்தால் இதய மருத்துவர் இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கொள்வது நல்லது, போடும்போது சிலருக்கு நாடித்துடிப்பு குறைந்து மயக்கம் வரும்.

அதுவரை காண்டம். கிழிந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள் லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம் அவசர மாத்திரை ஒன்று போடலாம், அதில் ஈஸ்ட்ரோஜன் கிடையாது. இரண்டு மூன்று நாளில் ஐஎன்ஆர் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், நாள் தள்ளிப்போனால் ஒரு வாரம் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே சிறுநீர் டெஸ்ட் செய்துவிட்டு கார்டியாலஜிஸ்டுக்குப் போன் போடுங்கள்.