புதுவையின் மணலும் வடக்குக் குப்பங்களும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நகரக் கடற்கரைச் சாலையைக் கருங்கல் தடுப்பு பல ஆண்டுகளாகக் காத்து வருகிறது. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் பக்கத்து மீனவர் வீடுகளைக் கடல் அரிப்பதாகச் செய்தி வரும்போதெல்லாம், அங்கேயும் கல் கொட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமே என்று தோன்றுகிறது. இதில் நீதி, அநீதி என்று பேச என்ன இருக்கிறது?
– ஓர் ஆசிரியை, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அந்த வீடுகளை அரிப்பது கடல்தான் என்றாலும், அரிப்பு தொடங்கியது மனிதர் எடுத்த ஒரு முடிவால். சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து வரும் அலைகள் அதை வடக்கே தள்ளுகின்றன; வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது தெற்கே திரும்பினாலும், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் லட்சக்கணக்கான கனமீட்டர் மணல் வடக்கு நோக்கியே செல்கிறது. தூண்கள் மீது நின்ற பழைய துறைமுகப் பாலம் (2022 மார்ச்சில் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது) இந்த ஓட்டத்தைத் தடுக்கவில்லை. 1986-க்கும் 1989-க்கும் இடையே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கட்டப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களோ கடலுக்குள் நீண்டு குறுக்கே நின்றன. தெற்கே வீராம்பட்டினத்துப் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரக் கடற்கரை கரைந்தது.

நகரத்தைக் காக்கக் கல் கொட்டப்பட்டது. கல் சாலையைக் காக்கும், மணலைப் படைக்காது. தடுப்பு முடியும் இடத்துக்கு அப்பால் அரிப்பு மேலும் கூடுகிறது; அங்கும் கல் கொட்டினால் அடுத்த குப்பத்தின் முறை வருகிறது. இப்படித்தான் சோதனைக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி என்று இழப்பு நகர்ந்துகொண்டே போயிற்று. துறைமுகத்தால் பயன் பெற்றவர்கள் ஒரு பக்கமும், அதற்காகத் தம் கரையை இழந்தவர்கள் மறுபக்கமும் இருக்கிறார்களே, நான் அநீதி என்பது இதைத்தான்.

கரை என்பது அவர்களுக்குக் காற்று வாங்கும் இடம் அன்று. கரைவலையின் இரு முனைக் கயிறுகளையும் இரண்டு அணிகளாக நின்று, மணலில் காலூன்றிப் பின்னோக்கி நடந்து இழுக்க வேண்டும். கற்குவியல் மீது நின்று அந்த வலையை இழுக்க முடியாது. கண்ணாடி இழைப் படகைக் கரையேற்றி நிறுத்தவும், நெத்திலியைப் பரப்பிக் காயவைக்கவும், வலையை விரித்துப் பழுது பார்க்கவும் அதே மணல்தான் வேண்டும். வீட்டுக்கு இழப்பீடு கணக்கிடுகிறவர்கள், பெண்களின் கருவாட்டுத் தொழில் நின்றுபோனதை எந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

கேள்வி: அப்படியானால் என்னதான் வழி?

பதில்: தடைபட்ட மணலை அதன் போக்கில் மீண்டும் விடுவதுதான். முகத்துவாரத்தைத் தூர்வாரும்போது கிடைக்கும் மணலைக் குழாய் வழியே வடக்குக் கரையில் சேர்க்கலாம்; அதை எப்போதாவது செய்யாமல் ஆண்டுதோறும் செய்ய வேண்டும். தலைமைச் செயலகத்தின் எதிரே கடலடியில் எஃகுத் தடுப்பை அமைத்து, மணலையும் கொட்டியதால் அங்கு மீண்டும் கடற்கரை உருவானதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மகிழ்ச்சிதான், ஆனால் சுற்றுலாப் பயணிகள் உலவும் இடத்துக்குக் கிடைத்த அக்கறை குப்பங்களுக்கும் கிடைத்தாக வேண்டும்.

புதுச்சேரி ஒன்றிய ஆட்சிப் பகுதி. கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. மணலுக்கு இந்த எல்லை தெரியாது, கோப்புகளுக்குத் தெரியும். ஆகவே இரு பக்கத்து மீனவப் பஞ்சாயத்துகளும் நகரவாசிகளும் சேர்ந்து, முழுக் கரைக்கும் ஒரே திட்டம் கேட்பது நல்லது. சூழல் சேதத்துக்கு இழப்பீடு மட்டுமன்றி, கெட்ட இடத்தைச் சீர்செய்ய உத்தரவிடவும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் தருகிறது. அதன் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. அதற்கு முன், கடைசியாகத் தூர்வாரியபோது எடுத்த மணல் எவ்வளவு, அது எங்கே கொட்டப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு எழுதிக் கேளுங்கள். நகரத்தில் வாழும் உங்களைப் போன்றவர்களே அதைக் கேட்டால், குப்பத்து மக்களின் வாதத்துக்கு வலுக் கூடும்.