நிமோனியா குணமான பின்னும் மூச்சு வாங்குவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஆறு வாரங்களுக்கு முன் மைக்கோபிளாஸ்மா கிருமியால் நிமோனியா வந்து, அசித்ரோமைசின் எடுத்ததும் காய்ச்சல் விட்டது. ஆனால் வறட்டு இருமல் நிற்கவில்லை. இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. இப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஐஜிஎம் பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. நுரையீரல் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டுவிட்டதா?

பதில்: முதலில் அந்த ரத்தப் பரிசோதனை பற்றிய கவலையை விடுங்கள். மைக்கோபிளாஸ்மாவுக்கு எதிராக உடல் உருவாக்கும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள், நோய் தீர்ந்த பிறகும் பல மாதங்கள் ரத்தத்தில் தென்படக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கிருமி, மூச்சுக்குழாய்களின் உட்புறத்தில் சளியை மேல்நோக்கித் தள்ளும் நுண்ணிய மயிரிழைகளைத் தாங்கும் செல்களில் ஒட்டிக்கொண்டு அவற்றைச் சேதப்படுத்துகிறது. கிருமி அழிந்த பிறகும் அந்தப் படலம் புதுப்பிக்கப்பட வாரக்கணக்கில் ஆகும். ஆகவே ஆறாவது வாரத்திலும் இருமல் நீடிப்பது வியப்பில்லை. அது நாளுக்கு நாள் குறைந்துவந்தால் போதும்.

நான் கவனம் செலுத்த விரும்புவது மூச்சு வாங்குவதில்தான். பல நாள் படுத்திருந்த உடலின் தளர்ச்சியே பெரும்பாலும் காரணம் என்றாலும், இந்த வயதில் அப்படி ஊகித்து விட்டுவிடக் கூடாது. மார்பு எக்ஸ்ரேயை மீண்டும் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, நிழல் மறைந்திருக்கிறதா, நுரையீரலைச் சுற்றி நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதோடு, கருவியில் ஊதி மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை அவசியம். நடைமுறையில் பலரும் தவறவிடுவது இதைத்தான். இன்ஹேலருக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும்போது அடைப்பு தெரிந்து, மருந்துக்குப் பின் அது நன்றாகக் குறைந்தால், மறைந்திருந்த ஆஸ்துமாவை இந்தத் தொற்று கிளறிவிட்டிருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

எக்ஸ்ரே தெளிவாக இருந்தும், இன்ஹேலருக்கு மசியாத அடைப்பு இருந்தால், சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் பிராங்கியோலைட்டிஸ் ஆப்ளிட்டரன்ஸ் என்ற நோயை நினைக்க வேண்டும். இது அரிது, கடுமையான தொற்றுக்குப் பின், அதிலும் குழந்தைகளிடமே அதிகம் காணப்படுகிறது. இதைக் கண்டறிய, மூச்சை முழுதாக இழுத்த நிலையிலும் முழுதாக விட்ட நிலையிலும் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்வோம். வெளியேற முடியாமல் காற்று சிக்கிய பகுதிகள் இரண்டாவது படத்தில் கருமையாகவே நிற்கும். விழுந்த தழும்பு மறையாது என்றாலும், பலருக்கு நோய் மேலும் முற்றாமல் ஓரளவில் நின்றுவிடுகிறது. இருமல் வறண்டதாக இல்லாமல், அன்றாடம் சளி கக்கும்படி நீடித்தால், மூச்சுக்குழாய் விரிந்துபோயிருக்கிறதா என்பதையும் அதே ஸ்கேன் காட்டும்.

வீட்டில் ஆக்சிமீட்டர் இருந்தால், ஓய்வாக இருக்கும்போதும் இரண்டு மாடி ஏறிய உடனேயும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விரல் சில்லிட்டிருந்தால் அளவு தவறாகக் காட்டும். ஏறியபின் ஆக்சிஜன் அளவு 4 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால் நுரையீரல் மருத்துவரைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும். மூச்சை இழுக்கும்போது மார்பில் குத்துவலி, சளியில் ரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீரென அதிகரிக்கும் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இந்தத் தொற்றை ஒட்டி, அரிதாக, நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதுண்டு.

சிகரெட்டோ வேப் எனும் மின்சிகரெட்டோ பிடிக்கும் பழக்கம் உண்டா என்பதை மகனிடம் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். பதில் எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். ஸ்பைரோமெட்ரி முடிவு வரும்வரை ஓட்டமும் பந்தயமும் வேண்டாம். மூச்சு வாங்காத வேகத்தில் நடந்து வரலாம்.