திருவிருந்தில் லூத்தரும் ஸ்விங்கிலியும் பிரிந்தது ஏன்?

ஜெர்மனியின் மார்ட்டின் லூத்தர், சுவிட்சர்லாந்தின் ஸ்விங்கிலி இருவருமே பதினாறாம் நூற்றாண்டின் திருச்சபைச் சீர்திருத்தவாதிகளாயிருந்தும், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்தைப் பற்றி ஏன் ஒன்றுபடவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். 1529 அக்டோபரில் ஜெர்மனியின் மார்பர்க் கோட்டையில் இருவரும் நேருக்கு நேர் விவாதித்தபோது, லூத்தர், இயேசு அப்பத்தைக் கொடுத்துச் சொன்ன ‘இது என் சரீரம்’ என்ற வார்த்தைகளை மேசையின்மேல் சுண்ணக்கட்டியால் லத்தீனில் எழுதி வைத்துக்கொண்டு, அந்தச் சொற்களை விட்டு இம்மியும் நகர மறுத்தார். அப்பத்தோடு கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே கொடுக்கப்படுகிறது என்பது அவருடைய விசுவாசம். ஸ்விங்கிலியோ, ‘மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது’ என்ற யோவான் 6:63-ஐ முன்வைத்து, ‘இது என் சரீரமாயிருக்கிறது’ என்ற வாக்கியத்திலுள்ள ‘இருக்கிறது’ என்பதற்குக் ‘குறிக்கிறது’ என்றே பொருள் என்றும், பிதாவின் வலதுபாரிசத்தில் வீற்றிருக்கும் சரீரம் அதே நேரத்தில் பல பீடங்களில் இருக்க முடியாது என்றும் வாதிட்டார். இதை வெறும் சொற்சண்டை என்று ஒதுக்குவது பெருந்தவறு. கிறிஸ்துவின் மனிதத்தன்மை எத்தகையது என்ற கேள்வியே அதன் அடியில் கிடந்தது. விவாதத்தின் முடிவில் வரையப்பட்ட 15 விசுவாசக் கூற்றுகளில் 14-ஐ முழுமையாக ஏற்றவர்கள், கடைசிக் கூற்றிலும் பெரும்பகுதிக்கு இசைந்து, கிறிஸ்துவின் சரீரம் அப்பத்தில் மெய்யாகவே இருக்கிறதா என்ற இந்த ஒன்றில் மட்டும் பிரிந்தார்கள்.