இறுகிப்போன தோட்டத்து மண்: கேள்வி பதில்

வீட்டுக் காய்கறித் தோட்டத்தில் மண் கட்டித்தட்டிப் போவதைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள், ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, என் மண் இறுகிப்போயிருக்கிறதா, இல்லை அது களிமண் என்பதால் அப்படி இருக்கிறதா? எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். களிமண் என்பது பிறவிக் குணம், இறுக்கம் பிறகு வந்தது. மணற்பாங்கான மண்ணும் மிதிபட்டால் இறுகத்தான் செய்யும். நல்ல தோட்டத்து மண்ணில் ஏறக்குறையப் பாதி இடம் துளைகள்தான், அந்தத் துளைகளில் பாதி தண்ணீரும் பாதி காற்றும் இருந்தால் வேருக்குக் கொண்டாட்டம். மிதிக்கும்போது முதலில் நசுங்குவது பெரிய துளைகள், தண்ணீர் கீழே வடிவதும் காற்று உள்ளே வருவதும் அவை வழியாகத்தான் என்பதால் செடி ஒரே சமயத்தில் இரண்டு விதத்திலும் திணறுகிறது.

நன்றாகத் தண்ணீர் விட்டு ஓரிரு நாள் கழித்து, ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைக் கையால் அழுத்திப் பாருங்கள். 30 செ.மீ. வரை சிரமமில்லாமல் போனால் கவலை வேண்டாம். ஏதோ ஓர் ஆழத்தில் சட்டென்று நின்று, நாலைந்து இடத்தில் குத்தியும் அதே ஆழத்தில் நின்றால் அங்கே கெட்டியான அடுக்கு இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் நின்றால் கல்லாக இருக்கலாம். காய்ந்த மண்ணில் இதைச் செய்து பயப்படாதீர்கள், காய்ந்துவிட்டால் நல்ல மண்ணும் கம்பியை விடாது. அப்புறம், வாடிப்போன செடி ஏதாவது இருந்தால் மெதுவாகத் தோண்டி வேரைப் பாருங்கள், கீழே போகவேண்டிய வேர் பக்கவாட்டில் திரும்பி ஓடியிருந்தால் அதைவிடச் சாட்சி வேண்டாம்.

தண்ணீர் தேங்கி நிற்கிறது. எவ்வளவு நேரம் நின்றால் பிரச்சினை?

30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி நிறையத் தண்ணீர் விடுங்கள், அது முழுவதும் வடிந்ததும் மறுபடி நிரப்பி, இந்த இரண்டாவது தண்ணீர் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ.க்குக் கீழே என்றால் வடிகால் மோசம்.

ஆற்று மணல் கலந்தால் மண் இளகும் என்கிறார்களே?

தயவுசெய்து வேண்டாம். களிமண்ணின் குணம் மாற மொத்தக் கன அளவில் பாதிக்கு மேல் மணல் வேண்டும், அவ்வளவு மணலை யாரும் கொட்டப்போவதில்லை. கொஞ்சம் கலந்தால் மணல்களுக்கு நடுவே களிமண் புகுந்து அடைத்துக்கொண்டு செங்கல் மாதிரி ஆகிவிடும். போட்டுவிட்டால் திருப்பி எடுக்கவும் முடியாது.

ஜிப்சம்?

களர் மண்ணுக்கு நல்ல மருந்து. அங்கே சோடியம் அதிகம் இருப்பதால் களித்துகள்கள் பிரிந்து துளைகளை அடைக்கின்றன, ஜிப்சத்தில் உள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, நல்ல தண்ணீரும் வடிகாலும் இருந்தால் சோடியம் கழுவிப்போகும். மிதிபட்டு இறுகிய மண்ணுக்கு அது உதவாது. மண் பரிசோதனை செய்து களர் என்று தெரிந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு எரு வாங்குங்கள்.

பவர் டில்லர் வைத்து நன்றாக உழுதுவிட்டால் போதுமா சார்?

இது நிறைய பேர் கேட்டது. உழுத அன்று பொலபொலவென்று அழகாகத்தான் இருக்கும், ஆனால் மண் கட்டிகளைப் பொடியாக்கி உடைத்துவிட்டால் அடுத்த பெருமழையில் அந்தப் பொடி நனைந்து படிந்து மேலே ஓடு கட்டிவிடும். தவிர, ஒவ்வொரு முறையும் கத்தி ஒரே ஆழத்தில் சுற்றுவதால் அதற்குச் சற்றுக் கீழே மழமழவென்று ஒரு கெட்டித் தளம் உருவாகிறது, மேலே இளக்கம், கீழே சிமெண்ட் தரை.

என் யோசனை இது. நாலு பல் ஃபோர்க்கைக் காலால் அழுத்தி முழு ஆழத்துக்கு இறக்குங்கள், கைப்பிடியைப் பின்னால் சாய்த்து மண்ணைக் கொஞ்சம் தூக்கி விரிசல் விழவிட்டு, அப்படியே உருவுங்கள். புரட்ட வேண்டாம். ஒரு சாண் பின்னால் நகர்ந்து மறுபடி. பின்னோக்கியே நகருங்கள், இல்லாவிட்டால் இளக்கியதை நீங்களே மிதிப்பீர்கள். ஃபோர்க் இறங்கவே இல்லை என்றால் கடப்பாரையால் அங்கங்கே நெம்பிவிட்டுத் தொடங்கலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பதம். ஃபோர்க் இறங்கும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டி விரலால் தட்டுங்கள். உதிர்ந்தால் வேலை செய்யலாம். பிசுபிசுவென்று நசுங்கினால் கருவியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள், ஈரக் களிமண்ணில் ஒரு நாள் அவசரப்பட்டு இறங்கினால் அந்தப் பருவம் முழுக்கக் கட்டியோடு மல்லுக்கட்ட வேண்டும்.

எரு எவ்வளவு போடுவது?

முதல் முறை மக்கிய எருவோ கம்போஸ்டோ 5 முதல் 7 செ.மீ. உயரத்துக்குப் பரப்பி மேல் 15 செ.மீ. மண்ணோடு கலந்துவிடுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து 2 செ.மீ. அளவுக்கு மேலாகத் தூவினால் போதும். இன்னும் இன்னும் என்று கொட்டினால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மண்ணில் தேங்கிவிடும். மரத்தூளைப் பச்சையாக மண்ணுக்குள் கலக்காதீர்கள், அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். அதையே மேலே மூடாக்காக, அதாவது மண்ணை மூடும் போர்வையாகப் போட்டால் தொல்லை இல்லை.

மண்புழு வாங்கி விடலாமா?

வேண்டாம், சாப்பாடும் ஈரமும் நிழலும் இருந்தால் தானாக வரும். கம்போஸ்ட் தொட்டிக்கு விற்கும் புழுக்கள் மேலே கிடக்கும் குப்பையில் வாழ்பவை, ஆழத் துளைப்பவை வேறு வகை.

வீடு கட்டி முடித்த இடம், லாரி நின்ற மண். நம்பிக்கை இருக்கிறதா அண்ணா?

இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும். முதலில் கலவைக் கட்டிகளையும் செங்கல் துண்டுகளையும் பொறுக்குங்கள். காய்கறியை ஒரு பருவம் தள்ளிப்போட்டுவிட்டு, ஃபோர்க்கால் இளக்கிய கையோடு தக்கைப்பூண்டோ சணப்பையோ (இரண்டும் பசுந்தாள் உரச் செடிகள்) நெருக்கமாக விதைத்து, பூக்கத் தொடங்கியதும் தரையோடு வெட்டி அங்கேயே போட்டுவிடுங்கள், வேரைப் பிடுங்காதீர்கள். வேர் மக்கிய வழியே அடுத்த செடியின் வேர் இறங்கும். நீள முள்ளங்கியும் இதற்கு நல்லது, பறிக்காமல் அழுகவிட வேண்டும்.

பொறுக்க முடியாதவர்கள் மேட்டுப்பாத்தி போடலாம். அப்போதும் அடியில் உள்ள மண்ணை இளக்கிவிட்டுத்தான் மேலே புது மண்ணைக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் சேரும் இடத்தில் தண்ணீர் நின்று வேர் அழுகும்.

விதை போட்டால் மேல் மண் ஓடு கட்டி முளையே வெளியே வரவில்லை.

விதையைத் தோட்டத்து மண்ணால் மூடாமல் சலித்த கம்போஸ்டால் மூடுங்கள். பூவாளியால் மெதுவாகத் தெளியுங்கள்.

தொட்டி மண்ணும் இறுகுகிறதே மேடம்?

தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் இறுகும். தென்னைநார்க் கழிவும் கம்போஸ்டும் சேருங்கள், அவை மக்கி அமுங்க அமுங்க ஒவ்வொரு நடவுக்கும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இளக்கிய மண் மறுபடி இறுகாமல் இருக்க?

கால் வைக்கும் இடத்தையும் செடி வைக்கும் இடத்தையும் நிரந்தரமாகப் பிரித்துவிடுங்கள். பாத்தி அகலம் 1.2 மீட்டர் இருந்தால் இரண்டு பக்கமிருந்தும் நடுப்பகுதி வரை கை எட்டும், நடைபாதைக்கு 40 செ.மீ. போதும். இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் மிதியிலேயே நடந்துவிடுகிறது, அதனால் ‘ஒரே ஒரு தடவைதானே’ என்று குழந்தைகளையும் விடாதீர்கள். தவிர்க்கவே முடியாமல் இறங்க வேண்டியிருந்தால் அகலமான பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள். பாத்தியில் எப்போதும் 5 செ.மீ. மூடாக்கு இருக்கட்டும், தண்டைத் தொடாமல். ஆண்டுக்கு ஒருமுறை அதே கம்பியை எடுத்துக் குத்திப் பாருங்கள், முதல் ஆண்டிலேயே வித்தியாசம் தெரியும், கெட்டித் தளம் முழுக்க உடைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம்.